பொம்மைக்குப் பின்னால் ஒரு துணி

தில்லை நகரில் எங்கள் வீட்டு மாடியில் மருமகள் சுடுமண் கம்மல் செய்கிறாள். செய்ய ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், அதைப் படம் எடுக்க அரை நாள் ஆகிறது. அதற்கென்றே தாள்கள் வாங்கி வைத்திருக்கிறாள். ஒன்று பளிங்குக் கல் மாதிரி இருக்கும், இன்னொன்று பழைய மரப்பலகை மாதிரி. எல்லாம் அச்சடித்தவை. போன வாரம் கூரியரில் ஒரு தாள் நடுவில் மடிந்து வந்துவிட்டது. அந்த மடிப்போடு அவள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"சும்மா சிரிக்காதீங்க அத்தை. ஐடியா இருந்தா சொல்லுங்க" என்றாள்.

"கஞ்சி போட்ட வேட்டி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். ஃபிலிமை எண்ணி எண்ணிப் படம் எடுத்த காலத்து ஆட்கள் அல்லவா நாம். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி பச்சைக் கதவுகள். புதிதாகக் குடிவந்தவர்கள் சில நாளைக்குப் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டுத் திரும்பி வருவார்கள். அப்பா தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் ஃபோர்மேன். முப்பது பேரை வேலை வாங்குகிற குரல். வீட்டுக்கு வந்த பிறகும் அது குறைய அரை மணி நேரம் பிடிக்கும்.

அம்மா துணிப் பொம்மை செய்வாள். கடையில் விற்கிற, கண்ணை உருட்டுகிற பொம்மை இல்லை. ஒரு சாண் உயரத்தில் பெண்கள். ஒருத்தி குனிந்து மாவாட்டுவாள், ஒருத்தி குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள், ஒருத்தி காலை நீட்டிச் சுளுக்கு எடுத்துக்கொண்டிருப்பாள். தையற்கடையில் ஒதுக்கிப் போட்ட துண்டுத் துணிதான் எல்லாம். கழுத்து மட்டும் நிமிர்ந்து நிற்பதற்கு உள்ளே ஒரு துடைப்பக் குச்சி இருக்கும். முகத்தில் கண்ணும் வாயும் வைக்க மாட்டாள். "முதுகு வளைஞ்சிருக்குறதப் பாத்தாலே என்ன நெனைக்குறான்னு தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு மூஞ்சி?" என்பாள்.

அந்த வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில் மெட்ராஸ் கைவினைக் கடை ஒன்று அறிவிப்புக் கொடுத்திருந்தது. வீட்டில் செய்கிற பொருட்கள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் எழுதலாம் என்று. அம்மா யாரிடமும் கேட்காமல் கார்டு போட்டுவிட்டாள். பதிலும் வந்துவிட்டது. வெவ்வேறு விதமான பன்னிரண்டு பொம்மைகளின் புகைப்படங்களை வைகாசி முடிவதற்குள் அனுப்பவும். பிடித்திருந்தால் தொடர்ந்து வாங்கிக்கொள்கிறோம்.

அம்மா அந்தக் கடிதத்தைச் சமையலறை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். அப்பா அதைப் படித்துவிட்டு, "போட்டோதானே? நான் எடுக்குறேன்" என்றார்.

அப்பாவிடம் கேமரா இருந்தது. ஓய்வுபெற்றுப் போன அதிகாரி ஒருவரிடம் வாங்கியது. பீரோவுக்குள் தோல் உறையோடு இருக்கும். உறையைத் திறந்தால் புதுச் செருப்பும் நாப்தலின் உருண்டையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். அதை முகர்ந்து பார்க்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு. தொட யாருக்கும் இல்லை, அம்மாவுக்கும் சேர்த்து.

முதல் ரோலை அப்பா வீட்டுக் கூடத்திலேயே எடுத்தார். பொம்மைகளுக்குப் பின்னால் அம்மாவின் தீபாவளிச் சேலையைத் தொங்கவிட்டார். கிளிப்பச்சையில் பெரிய பெரிய பூப்போட்டது. அதற்கு முன்னால் சிவப்புப் பாவாடை கட்டிய பொம்மைகளை நிறுத்தினால் கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் ஃபிலிம் கறுப்பு வெள்ளை. கலர் ஃபிலிமைக் கழுவுவதற்கு அப்போதெல்லாம் மெட்ராஸுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

தென்னூரில் ஒரு ஸ்டுடியோவில்தான் கழுவக் கொடுப்போம். ஸ்டுடியோக்காரர் வெற்றிலை மென்றுகொண்டே படங்களை மேசைமேல் பரப்பினார். "சேலை நல்லா வந்திருக்கு சார். பொம்மையத்தான் தேடணும்" என்றார்.

நிஜமாகவே தேட வேண்டியிருந்தது. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாக வந்திருந்தன. மாவாட்டுகிறவளின் இடுப்பிலிருந்து ஒரு பெரிய பூ முளைத்திருந்தது.

அந்தப் படங்களைப் பார்த்து அப்பா ஒரு முடிவுக்கு வந்தார், அம்மா வேறு முடிவுக்கு வந்தாள்.

"பின்னாடி இருக்குறது சின்னதா இருக்கு. பெருசா, கம்பீரமா ஏதாவது வேணும்" என்றார் அப்பா.

"பின்னாடி ஒண்ணுமே இருக்கக் கூடாதுங்க" என்றாள் அம்மா.

"ஒண்ணுமே இல்லாம எப்படி? அந்தரத்துலயா நிக்கும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொம்மைகளை ஒரு பிரம்புக் கூடையில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒண்ணாம் நம்பர். கூடையை அம்மா மடியிலேயே வைத்திருந்தாள். அங்கே அம்மா மண்டபம் என்கிற படித்துறையில் இறங்கி, குளிப்பவர்களைத் தாண்டி மணலில் நடந்தோம். கோடையில் காவிரி ஒரு பக்கமாக ஒதுங்கி முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் தென்னை மரங்களுக்கு மேலே மலைக்கோட்டை. "பாரு, இதுதான் பேக்ரவுண்டு!" என்று அப்பா கையை விரித்துக் காட்டினார், ஏதோ அதை அவரே தூக்கி வந்து வைத்த மாதிரி.

மணலில் பொம்மைகளை நட்டுவைத்து, குப்புறப் படுத்து, மல்லாந்து, முழங்காலிட்டு அப்பா எடுத்துக்கொண்டே போனார். குளிக்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மாமி அம்மாவிடம், "ஏன்டிம்மா, கொலுவுக்கு இன்னும் நாள் இருக்கே?" என்று கேட்டாள். இருபத்து நான்கு படம் முடிந்திருந்தது. அப்பா பூக்காரியை எடுத்துத் தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லின்மேல் நிறுத்தினார்.

பூக்காரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மா செய்ததிலேயே அவள்தான் உசத்தி. தொடையில் நூலைத் திரித்துப் பூக் கட்டிக்கொண்டிருப்பாள். பூ என்பது வெள்ளை நூலில் போட்ட முடிச்சுகள். அறுபது எழுபது இருக்கும். அதைப் போட்டு முடிக்க அம்மாவுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அப்பா பின்னால் நகர்ந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிய நேரத்தில் காற்று வந்தது. பூக்காரி மெதுவாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தாள். கொஞ்ச தூரம் மிதந்தாள். அம்மா சேலையைத் தூக்கிக்கூடப் பிடிக்காமல் அப்படியே தண்ணீரில் இறங்கி ஓடினாள். நானும் ஓடினேன். பஞ்சு நனைந்து பாரமாகி, எங்கள் கண் முன்னாலேயே அவள் உள்ளே போய்விட்டாள். கலங்கிய தண்ணீரில் கையை விட்டுத் துழாவினோம். மணல்தான் வந்தது.

அப்பா கரையில் நின்றபடி சொன்னார்: "விடு. இன்னொண்ணு பண்ணிக்கலாம்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். மிச்சப் பொம்மைகளை ஒவ்வொன்றாக மணலைத் தட்டிக் கூடையில் வைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய சேலைக் கரையிலிருந்து சத்திரம் வரைக்கும் தண்ணீர் சொட்டியது. "ஃபிலிம் இன்னும் பன்னெண்டு மிச்சம் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை மலைக்கோட்டை உச்சிக்கே போயிடுவோம்" என்று அப்பா என்னிடம் சொன்னார். அவருக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. அவர் செய்ததெல்லாம் அம்மாவுக்காகத்தான். அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பின் சீட்டில் இருந்தவளுக்கு அது தெரிந்தும் போதவில்லை என்பது இப்போது தெரிகிறது.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குச் சங்கு ஊத, அப்பா வேலைக்குப் போனதும் அம்மா வேலையை ஆரம்பித்தாள்.

முதலில் நோட்டுப் புத்தகத்துக்குப் போடுகிற காக்கி அட்டைத் தாள். நான்கு தாளை மைதாப் பசையால் ஒட்டினோம். காய்ந்ததும் ஒட்டிய இடம் தழும்பு மாதிரித் தெரிந்தது. அது வேண்டாம் என்று கிழித்துப் போட்டாள். அடுத்தது அப்பாவின் பழைய வேட்டி. கரையை வெட்டி எடுத்துவிட்டு, சோற்றுக் கஞ்சியில் சொட்டு நீலம் கலந்து அதில் முக்கினாள். பிழிந்ததில் நீலம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிட்டது. "போச்சு" என்றேன். "இரு, காயட்டும்" என்றாள். கொடியில் காய்ந்தபோது அது மேகம் போட்ட வானம் மாதிரி இருந்தது. இன்னொரு வேட்டிக்கு டீ நிறம் வேண்டும் என்றாள். அதற்கு எங்கள் வீட்டு டீத்தூள் போதாது. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு வரிசையில் ஆறு வீட்டுக்குப் போய் டீ வடிகட்டிய சக்கையைக் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் ரோஜாச் செடிக்கு என்றேன். எங்கள் வீட்டில் ரோஜாச் செடியே கிடையாது.

துணிகள் தயார். ஆனால் எந்தப் பொம்மைக்கு எது? கண்ணுக்கு நன்றாக இருப்பது படத்தில் நன்றாக இருக்காது என்பதை அந்தத் தீபாவளிச் சேலை எங்களுக்குக் காட்டிவிட்டது. இருப்பது பன்னிரண்டு ஃபிலிம். எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வழியில்லை. அம்மா துணிகளையும் பொம்மைகளையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் கேஸ் வெல்டர்கள் போட்டுக்கொள்ளும் பச்சைக் கண்ணாடி ஒன்று கிடந்தது. ரப்பர் பட்டை வைத்தது. ஓரத்தில் விரிசல் விட்டதால் அப்பா எனக்கு விளையாடக் கொடுத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு நான் விமானம் ஓட்டுவேன். அன்றைக்கும் கொல்லை வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்து அம்மா முன்னால் இறங்கினேன். இறங்கிப் பார்த்தால், சிவப்புப் பாவாடையும் பின்னால் இருந்த டீ வேட்டியும் ஒன்றாகிக் கிடந்தன.

"அம்மா, இவளக் காணோம்!"

"யார?"

"மாவாட்டுறவள. துணியும் அவளும் ஒரே கலரா இருக்கு."

அம்மா கண்ணாடியை என் தலையிலிருந்து பிடுங்கித் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். மாவாட்டுகிறவளைப் பார்த்தாள். பிறகு டீ வேட்டியை உருவிவிட்டு நீல வேட்டியைப் போட்டாள். மறுபடியும் பார்த்தாள். "இப்ப இருக்கா" என்றாள், மெதுவாக. அந்தப் பச்சைக் கண்ணாடிக்குள் எல்லா நிறமும் செத்துவிடும். வெளுப்பும் கறுப்பும்தான் மிஞ்சும். ஃபிலிம் பார்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.

அந்த மூன்று நாளும் அம்மா வெல்டிங் கண்ணாடியோடுதான் கொல்லையில் நடமாடினாள். கொத்தமல்லி கொண்டுவந்த கூடைக்காரி அவளைப் பார்த்துப் பயந்து, "கண்ணுல ஆபரேசனாம்மா?" என்று கேட்டாள். பூக்காரியை மறுபடி செய்ய அம்மா முயலவில்லை. அந்த இடத்துக்குத் துணி துவைக்கிற ஒருத்தியை இரண்டு நாளில் தைத்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கொல்லையில் சுவர் நிழல் விழும் நேரத்தில், அம்மா பீரோவைத் திறந்து கேமராவை எடுத்தாள். ஃபிலிம் பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வெயிலுக்கு ஒரு எண், மேகத்துக்கு ஒரு எண், நிழலுக்கு ஒரு எண். அப்பா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருப்புவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். நான் சொல்லச் சொல்ல அம்மா திருப்பினாள். எத்தனை அடி தூரம் என்பதற்கு இன்னொரு வளையம். அப்பா அதைக் கண் மதிப்பில் வைப்பார். அம்மா தையல் டேப்பை எடுத்துப் பொம்மையின் மூக்கிலிருந்து, அதாவது மூக்கு இருக்க வேண்டிய இடத்திலிருந்து, கேமரா வரைக்கும் அளந்தாள்.

சுவரில் இரண்டு ஆணி அடித்து வேட்டியைத் தொங்கவிட்டு, அதையே வளைத்துத் துவைக்கிற கல்லின்மேல் விரித்திருந்தோம். சுவரும் கல்லும் சேருகிற மூலை தெரியவில்லை. அதன் நடுவில் பொம்மையை வைத்துப் பார்த்தால் அவள் எங்கேயும் நிற்கவில்லை, எல்லா இடத்திலும் நின்றாள். ஒரு பொம்மைக்கு ஒரு படம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மா அமுக்குவாள், மூச்சை விடுவாள், அடுத்த பொம்மைக்கு டேப்பை எடுப்பாள். ஏழாவது படத்தில் துணி காற்றில் எழும்ப, நான் பாய்ந்து ஓரத்தை அமுக்கினேன். அதற்குள் அமுக்கிவிட்டாள். பன்னிரண்டும் முடிந்ததும் கேமராவை முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மலைக்கோட்டைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா கேமராவை எடுத்தார். எத்தனை படம் முடிந்தது என்று காட்டும் எண்ணைப் பார்த்தார். முப்பத்தாறு.

"யாரு தொட்டது இத?"

என் முகமே சொல்லியிருக்க வேண்டும். முதுகில் ஒரு அறை விழுந்தது. அப்பா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அம்மா அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு துண்டு நறுக்கினாள். அதன் பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அவள ஏன் அடிக்கிறீங்க? எடுத்தது நான்."

"நீயா? உனக்கு இதப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் டேப் வெச்சு அளந்து எடுத்தேன்."

அந்த இரண்டு துண்டு வாழைக்காய்க்காக அம்மாமேல் எனக்கு ரொம்ப வருஷம் கோபம் இருந்தது. இப்போது இல்லை. படம் எப்படி வந்திருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. அத்தனையும் பாழாகியிருந்தால் அப்புறம் அவள் வாழ்க்கையில் எதையுமே தொட முடியாமல் போயிருக்கும். அதை யோசித்து முடிக்க அவளுக்கு இரண்டு துண்டு நேரம் தேவைப்பட்டது.

மலைக்கோட்டைக்கு யாரும் போகவில்லை. அப்பா ரோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தென்னூருக்குப் போனார். மூன்று நாள் கழித்துப் படங்களை வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அடித்ததற்குச் சமாதானம் என்று நினைக்கிறேன்.

ஸ்டுடியோக்காரர் முதல் இருபத்து நான்கைத் தனியாக நகர்த்தி வைத்தார். மலைக்கோட்டை பிரமாதமாக வந்திருந்தது. பொம்மைகள் மணலில் யாரோ தொலைத்துவிட்டுப் போன மாதிரி கிடந்தன. பிறகு மற்ற பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். துவைக்கிறவளின் ஈரத் துணி முறுக்குக்கூடத் தெரிந்தது. குடைக்காரி மேகத்துக்கு முன்னால் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவதில் மட்டும் ஓரத்தில் என் கை.

"இது யார் சார் எடுத்தது?" என்றார் ஸ்டுடியோக்காரர். வெற்றிலை மெல்வதை நிறுத்தியிருந்தார்.

அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "நான்தான்" என்றார்.

நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் கேட்காமலேயே ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். ஐஸ் போட்டது. நான் குடித்துவிட்டேன்.

வீட்டில் படங்களை அம்மா தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா மேசையில் உட்கார்ந்து மெட்ராஸ் கடைக்குக் கடிதம் எழுதினார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும். கீழே அவர் பெயரைப் போட்டார்.

வைகாசி முடியப் போகும்போது பதில் வந்தது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டைகூடக் கழற்றாமல் பிரித்துப் படித்தார். படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். கடிதத்தைக் கொடுக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

"பொம்மை... இந்த மாதிரி அவங்ககிட்ட ஏற்கெனவே நெறைய இருக்காம்."

"சரி."

"போட்டோ ரொம்ப நல்லாருக்காம். பின்னாடி அந்தத் துணியெல்லாம் யார்கிட்ட வாங்குனீங்கன்னு கேட்டிருக்காங்க. கடையில இருக்குற சாமானெல்லாம் அனுப்புனா இதே மாதிரி எடுத்துக் குடுக்க முடியுமான்னு..." அப்பா நிறுத்தினார். "எனக்கு எழுதியிருக்காங்க."

அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டும் இருந்தாள். "நான் உசிரக் குடுத்துப் பண்ணுனது வேணாமாம். கஞ்சித் தண்ணி வேட்டி புடிச்சிருக்காம்" என்றாள்.

"தப்பு என்னோடது. நான்தான் எடுத்தேங்குற மாதிரி எழுதிட்டேன். தென்னூர்லயும் அப்படித்தான் சொன்னேன்."

"தெரியும். ரோஸ் மில்க் குடிச்ச அன்னிக்கே பாப்பா சொல்லிட்டா."

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அன்று சாயங்காலமே அவர் இன்னொரு கடிதம் எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார்: படங்களை எடுத்தது நான் அல்ல, என் மனைவி. துணிகளுக்குச் சாயம் போட்டதும் அவர்தான். முதலில் தெளிவாக எழுதாததற்கு மன்னிக்கவும். முப்பது பேரை அதட்டுகிற குரல் 'மன்னிக்கவும்' என்ற இடத்தில் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அம்மா உடனே சம்மதித்துவிடவில்லை. என் பொம்மை வேண்டாதவர்களுக்கு நான் எதற்குப் படம் எடுக்க வேண்டும் என்று நான்கைந்து நாள் முகம் கொடுக்கவில்லை. அப்பா மறுபடி கேட்கவில்லை. கேமராவை மட்டும் பீரோவிலிருந்து எடுத்து, அவள் தையல் மிஷினுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார்.

பொம்மைகளைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த வருஷக் கொலுவுக்குக் குவார்ட்டர்ஸ் பெண்களே வந்து வாங்கிப் போனார்கள். பிறகு வருஷா வருஷம் செய்தாள். படம் எடுக்கிற வேலையும் ஆறேழு வருஷம் நடந்தது. கடைசியாக நான் சொல்ல வேண்டியது முதல் பார்சல் வந்த நாளைப் பற்றி.

அப்பா ரயில் பார்சல் ஆபீசிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வைக்கோலைப் பிரித்தால் உள்ளே பித்தளைக் கிளி விளக்குகள். துவைக்கிற கல்லில் வைத்துக் கேமரா வழியாகப் பார்த்த அம்மா, "ஐயோ" என்றாள். பளபளவென்று இருந்த விளக்கின் வயிற்றில் அவள் முகம், கேமரா, கொடியில் காய்ந்த என் பாவாடை எல்லாம் தெரிந்தன. சுற்றிலும் வெள்ளையாக மூடினால்தான் சரிவரும். அவளிடம் இருந்த துணிகள் போதவில்லை. அப்பா உள்ளே போய் அவருடைய கட்டிலில் கிடந்த வெள்ளை இரட்டைப் போர்வையை உருவிக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்தை ஆணியில் மாட்டினார். மறுபக்கத்துக்கு மாட்ட இடமில்லை. முனையைப் பிடித்துக்கொண்டு, கையை மேலே தூக்கி, போர்வைக்குப் பின்னால் நின்றார்.

அம்மா டேப்பை எடுத்தாள். அளந்தாள். விளக்கைக் கொஞ்சம் திருப்பினாள். மறுபடி அளந்தாள். போர்வை லேசாக அசைந்தது.

"ஆடாதீங்க" என்றாள், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போர்வை நின்றது. எட்டு விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் அவள் அவசரப்படவே இல்லை. நான்காவது விளக்கை எடுக்கும்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் போர்வையின் மேல் ஓரத்தில் அப்பாவின் பத்து விரல்கள் மட்டும்தான். அவை வெளுத்துப் போயிருந்தன.

"கை வலிக்குதாங்க?" என்று அம்மா கேட்டாள்.

போர்வைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இல்ல. நீ எடு."